துணியின் பெயரை விடுங்கள், இழையைப் பாருங்கள்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் நைட்டி, சுடிதார், பள்ளிச் சீருடை தைத்து விற்கத் தொடங்கியிருப்பதாகச் சொல்லி மூன்று கேள்வி கேட்டிருந்தீர்கள். ஈரோட்டில் 'ப்யூர் காட்டன்' என்று கொடுத்த துணி காட்டன்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரேயான் நைட்டி ஏன் முதல் துவைப்பிலேயே குட்டையாகி, தையலோரம் பிய்கிறது? மழைக்காலத்தில், கேரளப் பெண்கள் உடுத்தும் செட் முண்டில் ஏன் கரும்புள்ளி விழுகிறது? மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: ஒரு இழை தண்ணீரை எவ்வளவு எடுத்துக்கொள்கிறது, எடுத்தபின் என்ன ஆகிறது என்பது. அதைப் பிடித்துக்கொண்டு மற்றதைச் சொல்கிறேன்.

அதற்கு முன் பெயர்க் குழப்பம். கடையில் சொல்லும் பெயர்களில் பாதி இழையின் பெயரே இல்லை. பாப்ளின், கேம்பிரிக், வாயில், சாட்டின், கிரேப், ஜார்ஜெட், ஷிஃபான் எல்லாம் நெசவையும் நூல் முறுக்கையும் சொல்பவை. பட்டில் நெய்தாலும் ஜார்ஜெட்தான், பாலியஸ்டரில் நெய்தாலும் ஜார்ஜெட்தான். குறைந்த விலைக்கு இன்று கிடைப்பது பெரும்பாலும் பாலியஸ்டர். 'ஆர்ட் சில்க்' என்பதற்கும் பட்டுப்புழுவுக்கும் சம்பந்தமில்லை. அது விஸ்கோஸ் (ரேயானின் இன்னொரு பெயர்) அல்லது பாலியஸ்டர். 'மூங்கில் துணி' என்று வருவதில் பெரும்பகுதி மூங்கில் கூழில் செய்த விஸ்கோஸ். 'காட்டன் ஃபீல்', 'லினன் லுக்' என்று எழுதியிருந்தால் உள்ளே காட்டனோ லினனோ முழுதாக இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் இழையின் பெயரையும் சதவீதத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மொத்தமாக வாங்குகிறவர் கேட்டால் எழுதித் தருவார்கள். கேட்காதவருக்கு யாரும் எழுதித் தருவதில்லை.

இப்போது தண்ணீர்க் கணக்கு. 20 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில், முழுக்கக் காய்ந்த 100 கிராம் இழையை வைத்தால் அது காற்றிலிருந்தே கொஞ்சம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாலியஸ்டர் 0.4 கிராம்தான் இழுக்கும். அக்ரிலிக் ஒன்றரை, நைலான் 4, பருத்தி சுமார் எட்டரை, பட்டு 11, லினன் 12, விஸ்கோஸ் 11 முதல் 13, கம்பளி 16 கிராம் வரை. பாலிபுரொப்பிலீன், அதாவது சிமென்ட் சாக்கு நெய்யும் இழை, ஒன்றுமே எடுக்காது. பருத்தியும் விஸ்கோஸும் தாவர நார்ப்பொருளான செல்லுலோஸ். அதன் மூலக்கூறு நெடுகத் தண்ணீரைப் பிடிக்கும் இடங்கள் உண்டு. பாலியஸ்டரில் அப்படிப்பட்ட இடம் இல்லாத குறைதான். வேர்வை உறிஞ்சுவது, சீக்கிரம் காய்வது, சுருங்குவது, சாயம் பிடிப்பது, உடம்பில் ஒட்டுவது, பூஞ்சை பிடிப்பது என எல்லாம் இந்த ஒரு எண்ணைப் பின்பற்றியே போகும்.

நம் பக்கத்தில் இது கண்ணெதிரே தெரியும், ஏனென்றால் பாலக்காட்டுக் கணவாய் வருடத்துக்கு இரண்டு எதிரெதிர்க் காற்றைக் கொண்டுவருகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும். அப்போது பாலியஸ்டர் சேலை உள்பாவாடையில் ஒட்டிக்கொள்ளும், கழற்றினால் படபடவென்று பொறி பறக்கும். ஈரமில்லாத இழையில் மின்னேற்றம் வெளியேற வழியில்லை. அதே மாதங்களில் தறியில் பருத்திப் பாவு, அதாவது நீளவாட்டு நூல், அடிக்கடி அறும். பருத்தி ஈரத்தில் பலம் கூடுகிற இழை. நனைந்தால் 10 முதல் 20 சதவீதம் வரை உறுதி ஏறும், வறண்டால் முறுகிப்போகும். கைத்தறி நெசவாளர்கள் விடியற்காலையில் ஓட்ட விரும்புவதும், வறண்ட நாளில் தறிக்குழியைச் சுற்றித் தண்ணீர் தெளிப்பதும் இதனால்தான். ஜூனில் மேற்கிலிருந்து மழை ஏறியதும் கதை தலைகீழ். பருத்தி நெய்ய நன்றாக ஓடும், ஆனால் துவைத்த துணி இரண்டு நாள் காயாது.

பருத்தி

பருத்தியின் தரத்தை முதலில் இழையின் நீளமே முடிவு செய்கிறது. சித்தூர் தாலுகாவில் எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கத்துக் கரிசலிலும் பருத்தி விளைந்திருக்கிறது, ஆனால் எந்த மண்ணில் விளைந்தாலும் ரகம்தான் நீளத்தைத் தீர்மானிக்கும். 1974-இல் கோவையில் உருவான சுவின் ரகத்தில் இழை 38 மில்லிமீட்டருக்கு மேல் வரும்; 100, 120-ஆம் நம்பர் நூல் அதில் நூற்கலாம். 25 மில்லிமீட்டர் இழையில் அது முடியாது. நூல் நம்பர் கூடக் கூட நூல் மெலியும். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் நீளமுள்ள சிட்டம் எத்தனை கிடைக்கிறதோ அதுதான் நம்பர். நைட்டிக்கு 40-ஆம் நம்பர் பாவும் ஊடையும் (குறுக்கு நூலும்) போதும். 'கோம்ப்டு' என்றால் குட்டை இழைகளைச் சீவி நீக்கியது. துவைக்கத் துவைக்கப் பஞ்சு எழும்பாது. 'மெர்சரைஸ்டு' என்றால் இழுத்துப் பிடித்தபடி காஸ்டிக் சோடாவில் நனைத்தது. தட்டையாக முறுக்கியிருந்த இழை வீங்கி உருண்டையாகும், அதனால் பளபளப்பும் சாயப் பிடிப்பும் கூடும். இந்த இரண்டுக்கும் கூடுதல் விலை கொடுப்பது வீண்போகாது. 'பயோ வாஷ்' என்று மீட்டருக்கு ஏற்றிச் சொல்வதற்கு அவ்வளவு கொடுக்க வேண்டியதில்லை. அது மேலே நிற்கும் பஞ்சை என்சைமால் நீக்குவது மட்டுமே, குட்டை இழை நூலை அது நீள இழை நூல் ஆக்கிவிடாது.

ரேயான் ஏன் கிழிகிறது

ரேயான், விஸ்கோஸ் இரண்டும் ஒரே இழை. மரக்கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடு சேர்த்து, தேன் பதத்துக் கரைசலாக்கி, நுண்ணிய துளைகள் வழியாகக் கந்தக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சினால் மீண்டும் செல்லுலோஸ் இழையாக உறையும். பெரும்பாவூரில் திருவிதாங்கூர் ரேயான்ஸ் 1950-இல் உற்பத்தி தொடங்கியது. கோழிக்கோட்டுப் பக்கம் மாவூரில் மூங்கிலையும் யூகலிப்டஸையும் கூழாக்கினார்கள்; அந்த ஆலை 2001-இல் மூடப்பட்டது. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் சிறுமுகையிலும் விஸ்கோஸ் ஆலை இருந்தது. மூன்றும் இன்று ஓடவில்லை, ஆனால் இந்த இழையின் குணம் நம் இரு மாநிலத்துக்கும் பழக்கப்பட்டதுதான்.

பருத்தியும் விஸ்கோஸும் ஒரே செல்லுலோஸ் என்றால் ஏன் ஒன்று துவைக்கத் தாங்குகிறது, மற்றது தாங்கவில்லை? கரைத்து மீட்கும்போது செல்லுலோஸ் சங்கிலி அறுபடுகிறது. பருத்தியில் ஆயிரக்கணக்கான கண்ணிகள் கொண்ட சங்கிலி, விஸ்கோஸில் சில நூறு கண்ணியாகக் குறைந்துவிடும். சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்படுவதும் குறைவு. தண்ணீர் உள்ளே புகுந்து வீங்கச் செய்யும்போது, நனைந்த விஸ்கோஸ் தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழக்கிறது. அந்த நேரத்தில் முறுக்கிப் பிழிவதும், கல்லில் அடிப்பதும், ஈரத்தோடு கொடியில் தொங்கவிடுவதும்தான் நைட்டியைக் கெடுக்கின்றன. காய்ந்ததும் பலம் திரும்பிவிடும். நனைந்தபோது நகர்ந்த நூல் திரும்பாது.

தைக்கும் இடத்திலேயே செய்ய வேண்டியது இது. ரேயானை வெட்டுமுன் 3 மணி நேரம் சாதாத் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் அமுக்கி நீரை வடித்து, நிழலில் படுக்கப்போட்டுக் காயவிடுங்கள். ஓரம் குறைந்தது ஒன்றரை சென்டிமீட்டர் விட்டு, 2 முதல் இரண்டரை மில்லிமீட்டர் தையலில், 11-ஆம் நம்பர் ஊசியில் தைத்து, விளிம்பை ஓவர்லாக் போடுங்கள். அக்குளிலும் பக்கவாட்டுத் திறப்பு முடியும் இடத்திலும் சின்னத் துண்டு வைத்துத் தைத்தால் அங்கே நூல் விலகாது. இதே வகைச் செல்லுலோஸ் இழையான மோடல் இதைவிடக் கொஞ்சம் தேவலை. டென்செல் என்ற வணிகப் பெயரில் வரும் லயோசெல் இன்னும் நல்லது, நனைந்தாலும் சுமார் 85 சதவீதப் பலம் நிற்கும், விலையும் அதற்கேற்ப.

எவ்வளவு சுருங்கும் என்பதை ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள். துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை அழியாத மையில் குறியுங்கள். எது பாவுப் பக்கம் என்று அம்புக்குறி போட்டு, துவைத்துக் காயவைத்து மீண்டும் அளவெடுங்கள். 47 வந்தால் 6 சதவீதம். பாவுப் பக்கம்தான் கூடுதலாகச் சுருங்கும், ஏனென்றால் தறியிலும் சாயப்பட்டறையிலும் அந்தப் பக்கம்தான் இழுபட்டது. பருத்தி முதல் துவைப்போடு நிற்காது, மூன்று முறை துவைத்துப் பாருங்கள். 8 சதவீதம் சுருங்கும் துணியில் 3 மீட்டர் நைட்டி தைக்க 3.26 மீட்டர் வேண்டும். இதைக் கணக்கில் சேர்க்காமல் விலை போட்டால் நஷ்டம் உங்களுக்கு, சேர்க்காமல் தைத்தால் வாங்குகிறவருக்கு.

பாலியஸ்டரும் சீருடையும்

பெட்ரோலியப் பொருளிலிருந்து செய்து, உருக்கி இழுக்கும் இழை இது. 255 முதல் 260 டிகிரியில் உருகும். தண்ணீரைச் சேர்க்காது, ஆனால் எண்ணெயை விடாது. காலர் அழுக்கும் வேர்வை நாற்றமும் அதில் தங்குவது அதனால்தான். சாயம் ஏற்ற 130 டிகிரியில் அழுத்தக் கலன் வேண்டும். வீட்டுப் பானையில் கொதிக்கவைத்துச் சாயம் ஏற்ற நினைத்தால் வெளுத்தே நிற்கும். இதில் தையல்காரர் கவனிக்க வேண்டிய ஒன்று: வெள்ளைக் காட்டனைப் பாலியஸ்டர் நூலில் தைத்துப் பிறகு சாயத்துக்குக் கொடுத்தால், தையல் மட்டும் வெள்ளையாகப் பல்லிளிக்கும்.

சீருடைக்கு வழக்கமாக வரும் 67:33 டெரிகாட்டனில் (67 பங்கு பாலியஸ்டர், 33 பங்கு பருத்தி) ஈரக்கணக்குப் போட்டால் சுமார் 3 சதவீதம் வரும். பருத்தியில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல். காய்வது வேகம், கசங்காது, மூன்று வருடம் உழைக்கும். ஆனால் மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயிலில் வகுப்பறையில் உட்காரும் பிள்ளைக்கு அது கஷ்டம். பள்ளி அனுமதித்தால் சட்டைக்குப் பருத்தி கூடிய கலவையும், பேன்ட்டுக்கும் பாவாடைக்கும் 67:33-உம் எடுங்கள். மழைக்காலத்தில் மாற்றுச் சட்டையாக ஒரு டெரிகாட்டன் இருந்தால் போதும். கலவைத் துணியில் உருண்டை உருண்டையாகப் பஞ்சு திரள்வதும் பாலியஸ்டரால்தான். பருத்தியிலும் திரளும், ஆனால் அதன் இழை அறுந்து உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் இழை அறாமல் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எரித்துப் பார்ப்பது

துணியை மொத்தமாகக் கொளுத்தக் கூடாது. பாவு தனி, ஊடை தனி என்று பிரித்தெடுங்கள், ஏனென்றால் காட்டன் பாவில் பாலியஸ்டர் ஊடை போட்டு நெய்வது சாதாரணம். ஒவ்வொன்றிலும் பத்து நூலை 6 சென்டிமீட்டர் நீளத்துக்கு உருவி, சேர்த்து முறுக்கி, சாமணத்தில் பிடியுங்கள். கீழே தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டு. தீக்குச்சியும் மெழுகுவர்த்தியும் வேண்டாம், அவற்றின் வாசனையே மூக்கைக் குழப்பும். கேஸ் லைட்டர் நல்லது.

சுடரைப் பக்கவாட்டில் மெதுவாகக் கொண்டுவாருங்கள். பருத்தி அசையாமல் இருந்து, பட்டதும் பற்றும். லைட்டரை எடுத்தாலும் எரியும். சுடர் அணைந்தபின் நுனியில் சிவந்த கங்கு ஊர்ந்துகொண்டே போகும், காகிதம் எரிந்த வாசனை வரும், சாம்பல் விரலில் மாவாகும். விஸ்கோஸும் அதே மாதிரிதான், சற்று வேகமாக எரியும், கங்கு குறைவு. பாலியஸ்டர் சுடர் நெருங்கும்போதே சுருண்டு பின்வாங்கும், உருகும், கரிய புகை விடும். ஆறியபின் நகத்தால் உடையாத கருமணி கிடைக்கும். நைலான் மணி வெளிறிய பழுப்பு. அக்ரிலிக் பொரிந்து எரிந்து கோணல்மாணலான கருங்கட்டி ஆகும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றம் தரும், சுடரை எடுத்தால் தானே அணையும், மிஞ்சும் கருப்பு உருண்டை அழுத்தினால் பொடியாகும். கலவையில் பருத்தி திரியாக நின்று உருகிய பாலியஸ்டரை எரிய வைக்கும்; சாம்பலை விரலிடையே தேய்த்தால் நடுநடுவே கடினமாக நெருடும். அந்த நெருடல்தான் 'ப்யூர் காட்டன்' பொய்யைக் காட்டிக்கொடுப்பது.

துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, உறிஞ்சினால் காட்டன் என்று சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். வெளுக்காத கோராத் துணியில் பருத்தியின் இயற்கை மெழுகும் பசையும் இருப்பதால் சொட்டு அப்படியே நிற்கும். ரசாயனம் பூசிய பாலியஸ்டர் சட்டென்று உறிஞ்சிவிடும்.

பருத்தியா விஸ்கோஸா என்பதை எரித்துப் பிரிப்பது கடினம், அதற்கு வேறு வழி உண்டு. 15 சென்டிமீட்டர் நூலை உருவி, நடுவில் மட்டும் விரலால் ஈரம் தொட்டு, இரு முனையையும் பிடித்து மெதுவாக இழுங்கள். விஸ்கோஸ் என்றால் நனைந்த இடத்திலேயே அறும். பருத்தி காய்ந்த பக்கத்தில் அறும். ஐந்தாறு நூல் பார்த்தால் சந்தேகம் தீரும். லயோசெல்லில் மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றும். பாலியஸ்டர் 10 சதவீதம் போலக் குறைவாகக் கலந்திருந்தாலோ, பெரிய ஆர்டராக இருந்தாலோ, கோவையில் உள்ள ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ராவில் கொடுத்துப் பாருங்கள். கந்தக அமிலத்தில் பருத்தியைக் கரைத்து, மிஞ்சுவதை எடைபோட்டுச் சதவீதம் சொல்வார்கள். அந்த அமிலச் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது.

செட் முண்டும் கரும்புள்ளியும்

கேரளக் கைத்தறி ஊர்களான குத்தாம்புள்ளி, பாலராமபுரம் முண்டுகள் பருத்தி. பூஞ்சைக்குச் செல்லுலோஸும் தீனி, அதில் போட்ட கஞ்சி அதைவிட ருசியான தீனி. காற்றில் ஈரம் 80 சதவீதத்தைத் தாண்டினால் அலமாரிக்குள்ளேயே முளைக்கும். விஷுவுக்கு உடுத்திய முண்டை ஓணத்துக்கு எடுக்கும்போது புள்ளி தெரிவது, இடையில் வந்த மழையில் கஞ்சியோடு மடித்து வைத்ததால்தான். மே மாதத்தில் கஞ்சியை முழுக்க அலசி, வெயிலில் மொடமொடவென்று காயவைத்து, ஆறியபின் மடியுங்கள். சூடாக மடித்தால் உள்ளே வேர்க்கும். கஞ்சி உடுத்துவதற்கு முதல் நாள் போட்டால் போதும். கஞ்சி இல்லாத துணியை இராமபாணப் பூச்சியும் அதிகம் தேடாது.

புள்ளி விழுந்துவிட்டால் முதலில் வெளியே கொண்டுபோய்க் காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். கசவு (சரிகைக் கரை) இல்லாத வெள்ளை முண்டு என்றால் லிட்டருக்கு 5 முதல் 10 மில்லி வீட்டு பிளீச் கலந்து 15 நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, லிட்டருக்கு 2 கிராம் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) கலந்த தண்ணீரில் முக்கியெடுங்கள். மிஞ்சிய குளோரின் நூலை அரிப்பது நிற்கும். கோரா முண்டில் பிளீச் தொடவே கூடாது. கோராவின் நிறம் வெளுக்காத பருத்தியின் சொந்த நிறம், பிளீச் பட்ட இடம் வெள்ளைத் திட்டாகிவிடும். கசவிலும் கூடாது, வெள்ளிச் சரிகை கறுத்துப்போகும். பட்டிலும் கம்பளியிலும் இன்னும் ஆபத்து, இழையையே அது கரைத்துவிடும். கோராவில் புள்ளி ஆழமாக இறங்கியிருந்தால், முழுதாக நீக்கத் துடிப்பதைவிட வெயிலும் சோப்பும் எவ்வளவு எடுக்கிறதோ அவ்வளவோடு விடுவது துணிக்கு நல்லது.

கசவு வாங்கும்போது முந்தி நுனியில் ஒரு இழை உருவிச் சுடரில் காட்டுங்கள். முழுக்க உருகி மணியானால் அது உலோகம் பூசிய பாலியஸ்டர் படலம். உலோகக் கம்பி மிஞ்சினால் வெள்ளி அல்லது செம்புச் சரிகை. படலக் கசவுள்ள முண்டை, இஸ்திரிப் பெட்டியில் குறித்திருக்கும் மூன்று புள்ளிச் சூட்டில், அதாவது 200 டிகிரியில், இஸ்திரி போட்டால் கசவு சுருண்டு ஓரம் நெளிந்துவிடும், பிறகு எந்த வேலையாலும் நேராகாது. ஒரு புள்ளியில் வைத்து, மேலே ஈரக் காட்டன் துண்டைப் பரப்பி அழுத்துங்கள். முண்டின் உடல்பகுதிக்கு மூன்று புள்ளியும் கசவுக் கரைக்கு ஒரு புள்ளியும் என்று பிரித்துப் போட இஸ்திரிக்காரரிடம் சொல்லியே கொடுங்கள். நீங்கள் விற்கும் முண்டாக இருந்தால் இந்த இரண்டு வரியை ஒரு சீட்டில் எழுதி மடிப்பில் வையுங்கள்.